கைக்கெட்டும் தூரத்துக்கு ஒரு கண்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் அண்ணியும் உடம்பில் தெம்பும் வாயில் பேச்சும் குறையாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். நான் ஆபரேஷன் மேசையிலிருந்து குதித்து ஓடிவிட்டதாக உன் அண்ணி உனக்குச் சொல்லியிருக்கிறாள், நீ அதை உன் சிநேகிதியிடம் சொல்லியிருக்கிறாய், அது ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி என் காதுக்கே வந்துவிட்டது. நான் குதிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. எழுபத்தாறு வயதில் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு குதித்தேன் என்றால் அது எனக்குப் பெருமைதான், ஆனாலும் நடக்காத பெருமை எனக்கு வேண்டாம். மேசை வரைக்கும் நான் போகவே இல்லை. வெளியறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, போர்வையை நான்காக மடித்துத் தலைமாட்டில் வைத்தேன், அவர்கள் கொடுத்த பச்சை அங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன், என் உடையைப் போட்டுக்கொண்டு, நர்ஸிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, லிஃப்டில் இறங்கி முன்வாசல் வழியாகத்தான் வந்தேன். ஓடுகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. பயந்துவிட்டேன் என்றும் ஒரு பேச்சு இருக்கிறதாம். பயம் இல்லை, என் கண்ணைப் பற்றி என்னைத் தவிர எல்லோரையும் கேட்டிருந்தார்கள், அதனால் வந்துவிட்டேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் காகிதம். எழுத்து கோடு தாண்டியிருந்தால் பொறுத்துக்கொள். எதிர்வீட்டுத் தையற்காரர் ஒரு கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்திருக்கிறார், அதைக் காகிதத்தின் மேல் வைத்து வரிக்கு வரி நகர்த்தி எழுதுகிறேன்.

கண்ணில் புரை விழுந்து மூன்று வருடம் ஆகிறது. அது எப்படியிருக்கும் என்று நீ ஒரு முறையும் கேட்கவில்லை, எப்போது எடுக்கப் போகிறாய் என்றுதான் கேட்டாய், அதனால் நானே சொல்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் தெரு முழுவதையும் யாரோ லேசான தேநீரில் நனைத்துப் பிழிந்து காயப் போட்டது போல இருக்கிறது. வெள்ளைச் சுவர் வெள்ளையாக இல்லை, நீலக் கதவு நீலமாக இல்லை, எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி ஒரு சாயலில் நிற்கின்றன. எதிர்வீட்டில் முதலில் ஒரு நிழல் அசைகிறது, பிறகு அது இருமுகிறது, அப்புறம்தான் அது தையற்காரர் என்று தெரிகிறது. அந்தி நேரத்தில் தெருவிளக்கு போட்டால் ஒவ்வொரு விளக்கும் இதழ் விரித்த பெரிய பூவாகிவிடுகிறது, நான் லேபில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் தோட்டத்தில்கூட அவ்வளவு பெரிய பூ பார்த்ததில்லை. கனவில் மட்டும் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, உன் பள்ளிக்கூடப் பையின் கொக்கி வரைக்கும் தெரிகிறது. விழித்துக்கொண்டால்தான் கனவு காண்பது போல இருக்கிறது. சில நாள் காலையில் எது எது என்று நிச்சயம் பண்ண எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது, அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இதை உன் அண்ணனிடம் சொன்னால் என்னை வேறு டாக்டரிடம் அழைத்துப்போவான். அவனைக் குறை சொல்ல முடியாது, போன மாதம் மாடிப்படியில் கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவன் நான் படியிறங்கும் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு ஓடி வருகிறான்.

ஆபரேஷன் என்று முடிவானதும் முதல் தடவை கண்ணைக் காட்டப் போனோம். இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இது வரை உன் அண்ணனுக்கும் தெரியாது. பரிசோதனை அறைக்கு வெளியே திரைச்சீலை மட்டும்தான், கதவு இல்லை. எனக்கு முன்னால் ஆறு பேர். ஒவ்வொருவராக உள்ளே போய் அந்த எழுத்து அட்டையைச் சத்தமாகப் படித்தார்கள், ஒருவர் விட்ட எழுத்தை அடுத்தவர் பிடித்தார், எனக்குத் தெரியாமலே அட்டை முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கான்வென்டில் எங்கள் கணக்கு சிஸ்டர் ஒரு தரம் சொன்னதை இரண்டாம் தரம் சொல்ல மாட்டார், அந்தப் பழக்கம் இன்னும் காதில் இருக்கிறது. என் முறை வந்தது. முதல் இரண்டு வரி தெரிந்தது. மூன்றாவது வரியில் ஏதோ எறும்புகள் கூட்டம் போட்டிருந்தன. தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், சொல்ல வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் ஒரு பரீட்சையிலும் நான் ஒரு கேள்வியையும் விட்டதில்லை, நீயே உன் மார்க்கோடு ஒப்பிட்டு எத்தனை முறை அழுதிருக்கிறாய். கடைசி வரி வரைக்கும், இடது கண்ணுக்கு ஒரு தரம் வலது கண்ணுக்கு ஒரு தரம், தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். அங்கிருந்த பெண், “பாட்டி, சூப்பர், எனக்கே கடைசி வரி கஷ்டம்” என்றாள். நான் வெட்கமில்லாமல் புன்னகைத்தேன்.

ஆபரேஷன் அன்று காலையில் வலது புருவத்துக்கு மேல் மசியால் ஒரு அம்புக்குறி போட்டார்கள், வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். மருந்து வேலை செய்யட்டும் என்று உட்கார வைத்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. என் பேர் எழுதிய எதையும் படிக்காமல் விடுவது எனக்கு ஆகாது, கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் படித்தேன். வலது கண் என்று இருந்தது, பல தூரத்துக்கான லென்ஸ் என்று இருந்தது, அதற்குக் கீழே நோயாளியின் விருப்பம் என்று அச்சடித்து, எதிரே ஒரு டிக் இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டு இது யாருடைய விருப்பம் என்று கேட்டேன். “உங்களோடதுதான்மா, டிக் ஆகியிருக்கே” என்றாள். நான் எப்போது டிக் போட்டேன் என்று கேட்டதற்கு, “ஆன்லைன்ல போட்டிருக்கீங்கம்மா” என்றாள். “ஆன்லைன் எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாதேம்மா” என்றேன். அப்போதுதான் உன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, “தங்கச்சிதான்மா போட்டா, இருக்கிறதுலயே நல்லதா பார்த்துப் போட்டா, உனக்கு எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியாதா” என்றான். தெரிந்திருக்கலாம். என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நீ எங்கேயோ ஓர் அலுவலகத்தில், இடைவேளையில், ஒரு கையில் ரொட்டித் துண்டோடு, என் கண்ணுக்குள் கடைசி வரை இருக்கப்போகும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதற்கு என் விருப்பம் என்று பேர் வைத்துவிட்டாய். பிரியத்தால்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உனக்கு நான் ஆறு வயதில் மொட்டையாக முடி வெட்டிவிட்டதும் பிரியத்தால்தான், அதற்கு நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாய் என்று யோசித்துப் பார்.

அன்று நடந்து வந்த வழியை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். மருந்து விட்ட கண் அகலத் திறந்து கிடந்தது, மூடவும் மாட்டேன் சுருங்கவும் மாட்டேன் என்றது. வாசலைத் தாண்டியதும் வெயில் முழுவதும் ஒரே நேரத்தில் உள்ளே வந்துவிட்டது. தெரு கரைந்து போயிற்று. சாலை ஓர் அகலமான வெள்ளை ஆறு மாதிரி அசைந்தது, அதில் பேருந்துகள் சத்தம் மட்டுமாக மிதந்து போயின, மனிதர்கள் ஓரங்களில்லாமல் வந்து என்னைத் தொடாமல் விலகினார்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள், கிட்ட வரும் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தார்கள். செத்துப்போனால் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது, இருந்தால் பரவாயில்லை என்றும் தோன்றியது. பின்னாலேயே உன் அண்ணன் குடையையும் என் பையையும் தூக்கிக்கொண்டு, “அம்மா, நில்லும்மா, எல்லாரும் பாக்குறாங்க” என்று வந்தான். “பாக்கட்டும், அவங்களுக்காவது தெரியுதே” என்றேன். பாவம், சிரிப்பை அடக்கத் தெரியாமல் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தான், வீடு வரைக்கும் இறக்கவில்லை. அம்புக்குறி இரண்டு நாள் சோப்புக்குப் போகவில்லை. தையற்காரர் பார்த்துவிட்டு, “லேப் அம்மா, இந்தப் பக்கம் திரும்பணும்னு நெத்தியிலயே போட்டு அனுப்பிட்டாங்களா” என்று கேட்டார்.

நான்கு நாள் கழித்து நானே வண்டி வைத்துக்கொண்டு கண் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். நோட்டுப் புத்தகத்தில் பதினோரு கேள்வி, வரிசை எண் போட்டு. திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் முழுவதையும் கேட்டார், இடையில் தேநீர் வந்தது, எனக்கும் ஒன்று கொண்டுவரச் சொன்னார். மூன்று லென்ஸைப் பற்றியும் விளக்கினார். ஒன்று தூரத்தைத் தெளிவாகக் காட்டும், படிக்கக் கண்ணாடி வேண்டும். ஒன்று கிட்டத்தைக் காட்டும், தெருவுக்குக் கண்ணாடி வேண்டும். நீ டிக் போட்டது இரண்டையும் காட்டும், ஆனால் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியலாம், மங்கலான வெளிச்சத்தில் கொஞ்சம் சோர்ந்துபோகும். “எது நல்லதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதும்மா, மூணும் நல்லதுதான். உங்களுக்கு எதுன்னா, அதை நீங்கதான் சொல்லணும்” என்றார். அப்புறம், “அந்த விலை கூடின லென்ஸ், சின்னக் குறையைக் கண்டுக்காம விடறவங்களுக்குத்தான் சரியா வரும். நீங்க எப்படி?” என்று கேட்டார். உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் இடது பக்கம் சரிந்திருக்கிறது, இந்தப் புரையிலும் எனக்கு அது தெரிகிறது, வந்ததிலிருந்து என்னால் வேறு எதிலும் மனதைச் செலுத்த முடியவில்லை என்றேன். எழுந்து போய் அதை நேராக்கிவிட்டு, “அப்போ அது வேண்டாம்” என்று ஒரு கோடு போட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது அவர், “இப்ப என் முறை” என்று சொல்லி அட்டையை மாற்றிப் போட்டார். புது அட்டை. மூன்றாவது வரியில் அதே எறும்புகள், ஆனால் இந்த முறை அவற்றின் பேர் எனக்குத் தெரியாது. இடது கண்ணுக்கு இரண்டாவது வரியே இல்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. திரைக்கு வெளியே ஆறு பேர் படித்ததைக் கேட்டு ஒப்பித்தேன் என்று கடைசியில் சொன்னேன். உனக்கு இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. “உங்க கண்ணைப் பார்த்தா ஒண்ணு சொல்லிச்சு, உங்க வாய் வேற ஒண்ணு சொல்லிச்சு, நான் வாயை நம்பிட்டேன்” என்றார். இடது கண்தான் அதிகம் கெட்டிருக்கிறதாம், முதலில் எடுக்க வேண்டியதும் அதுதானாம். அம்புக்குறி வலது புருவத்தில் ஏறியதற்குக் காரணம் நான். “நான் உங்ககிட்ட எதையும் மறைக்கக் கூடாதுன்னா, நீங்களும் என்கிட்ட மறைக்கக் கூடாது இல்லையா” என்று கேட்டார், குரலை உயர்த்தாமல். கணக்கு சிஸ்டருக்குப் பிறகு என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தவள் நான், என் பங்கையும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்க் கடிதம்.

எந்த லென்ஸ் என்று உடனே சொல்ல வேண்டாம் என்றார். ஒரு வாரம் என்னென்ன பார்க்கிறேன், எவ்வளவு தூரத்தில் பார்க்கிறேன் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். தையற்காரரிடம் அளவு நாடா கேட்டேன். கழுத்தில் கிடந்ததையே கழற்றிக் கொடுத்து, “அளவெடுக்கிறது சரி, துணி எங்க” என்றார். கண்ணுக்கு அளவெடுக்கிறேன் என்றதும், “பார்த்து எடுங்க, வெட்டினப்புறம் என்கிட்ட வந்து பிடிச்சுத் தைக்கச் சொல்லாதீங்க” என்றார். அந்த வாரம் போல ஒரு வாரம் எனக்கு வாய்த்ததே இல்லை. வீட்டுக்குள் நான் ஒரு புது ஊரை அளக்க வந்தவள் போல நடந்தேன். தேநீர்க் கோப்பையின் ஆவி, மூக்கிலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டர். மாத்திரை அட்டை முப்பது. அடுப்பின் நீலத் தீ ஐம்பத்தைந்து, அதை நான் பார்க்கிறேன் என்றே இது வரை தெரியாது, காது கேட்கிறது என்று நினைத்திருந்தேன். சட்டைப் பித்தான், நகம், காய்கறியின் தோல், வானொலியின் குமிழ், பேனாவின் முனை, எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்குள். சுவர்க்கடிகாரம் மூன்று மீட்டர், அதைப் பார்க்கிறேன் என்று எழுதினேன், பிறகு நேர்மையாக அதை அடித்துவிட்டு, அதன் சத்தத்தைக் கேட்டு மணி சொல்கிறேன் என்று எழுதினேன். படி ஏறும்போது பார்ப்பது என் கால் விரலைத்தான். ஜன்னலுக்கு வெளியே உள்ள மரம், நாடா பத்தவில்லை, அடியெடுத்து எண்ணினேன், இருபத்திரண்டு அடி. அந்த மரத்தை நான் அதிக நேரம் பார்க்கிறேன், ஆனால் இலை இலையாகப் பார்க்கவில்லை, பச்சையாகப் பார்க்கிறேன். காற்று வந்தால் அந்தப் பச்சை மூச்சு விடுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் நான் நாற்காலியில் இருக்கிறேனா அந்த மூச்சில் இருக்கிறேனா என்று தெரியாமல் போகிறது, அண்ணி வந்து தோளைத் தொட்டால்தான் திரும்புகிறேன்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். கிட்டத்து லென்ஸ். உன் அண்ணன் முகம் வாடியது, படி என்றான், சாலை என்றான். சாலைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வேன், படிக்கு ஒரு கைப்பிடி போட்டுக்கொடு என்றேன். அவனே ஞாயிற்றுக்கிழமை துளை போட்டுக் கைப்பிடி வைத்தான், கடைசிப் படியின் விளிம்பில் வெள்ளை வர்ணம் அடித்தான், கொஞ்சம் கோணலாகத்தான் அடித்திருக்கிறான், நான் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் காரணம் சொன்னேன். எழுத வேண்டும், படிக்க வேண்டும், என் மாத்திரையை நானே பார்த்து எடுக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொன்னேன். கிட்டத்து லென்ஸ் வைத்தால் கண்ணாடியைக் கழற்றியதும் தூரம் மறுபடி மங்கலாகிவிடுமாம், மரம் பச்சையாகவே இருக்கும், அந்தியில் தெருவிளக்கு கொஞ்சமாவது பூக்கும். வேண்டும்போது தெளிவு, வேண்டாதபோது கனவு. நீ கணினியில் எத்தனை கட்டம் தேடினாலும் இதற்கு ஒரு கட்டம் இருந்திருக்காது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, அதையும் என் தாளில் எழுதிக்கொண்டார்.

அளவெடுத்த அந்த வாரத்தில் ஐந்தாம் நாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் உன் அப்பாவின் படத்துக்கு நாடா பிடித்தேன். முப்பத்தெட்டு. பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம், அடுத்த வருடம் உன்னைப் பார்க்க வரப்போகிறேன் என்று எடுத்துக்கொண்டது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது, படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, “யாருடி இவரு, எங்க அண்ணன் மாதிரி இருக்காரு” என்றார். அவருக்கு அடுத்த வருடம் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியும், உன் அண்ணனுக்குத் தெரியும், போனில் உனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த லேபில் ஒரு முறை உண்டு, நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். முடிவு எழுதிய தாளை மூன்றாக மடித்து, ஓரத்தில் பசை தடவி ஒட்டி, மேலே டாக்டர் பேர் எழுதித்தான் நோயாளி கையில் கொடுப்போம். அவர்கள் ரத்தம், அவர்கள் தாள், அவர்கள் கை, பிரிக்க மட்டும் கூடாது. ஜன்னலில் நின்று, “என்னம்மா இருக்கு இதுல, நல்லதா கெட்டதா” என்று கேட்பார்கள். “டாக்டரைக் கேளுங்க” என்று முப்பத்தொரு வருடம் சொன்னேன், அதைச் சொல்வதில் எனக்கு ஒரு மிடுக்கும் இருந்தது. அவருடைய ரத்தமும் என் மேசைக்குத்தான் வந்தது. மைக்ராஸ்கோப்பில் இரண்டு தரம் பார்த்தேன், மூன்றாம் தரம் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அதையும் மடித்து ஒட்டினேன். தாழ்வாரத்தில் டாக்டர், அண்ணன், நான், போனில் நீ, நான்கு பேரும் பேசி முடிவெடுத்தோம். “சொல்ல வேண்டாம்மா, பயந்துடுவாரு” என்று நீ அழுதாய். யாருடைய உடம்போ அவர் அந்த நேரத்தில் கீழே கேன்டீனில், எனக்கும் சேர்த்து ஒரு தேநீர் வாங்கி, ஆறாமல் இருக்கட்டும் என்று தட்டால் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, “மைக்ராஸ்கோப்புல என்னைப் பார்த்தியே, எப்படி இருக்கேன்” என்று கேட்டார். “அழகா இருக்கீங்க” என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு பதினோரு மாதம் அவர் ஒரு முறையும் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு கேட்காமல் இருந்தாரா, தெரியாமலே போனாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. தெரிந்திருந்தால் அவர் அந்தப் படத்தை எடுத்த வாரமே உன்னிடம் கிளம்பி வந்திருப்பார்.

இதைத் தோண்டி எடுத்து உன்னை அழ வைப்பதற்காக எழுதவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை மறுபடி எடுத்தார்கள், பழைய தாள் நாளாகிவிட்டதாம். எடுத்து எட்டு நாள் ஆகிறது. இப்போதெல்லாம் மடித்து ஒட்டுவதில்லை, பதிவு செய்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதிவு செய்தவள் நீ, மின்னஞ்சலும் உன்னுடையது. அதற்குப் பிறகு ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கிறது, பொது மருத்துவர் ஒரு முறை பார்த்துவிடட்டும் என்று அண்ணன் சொன்னான். அவன் அதைச் சொன்ன குரல் எனக்குத் தெரியும், தாழ்வாரத்துக் குரல் அது. அன்றிலிருந்து அவன் என்னோடு ஒரு வாக்குவாதமும் செய்யவில்லை. அண்ணி கேட்காமலே தேநீர் கொண்டுவருகிறாள், நான் அறைக்குள் நுழைந்தால் இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். நீ இந்த வாரம் மூன்று முறை கூப்பிட்டாய், மூன்று முறையும் இங்கே மழையா என்று கேட்டாய். உங்கள் எல்லோரையும்விட நான் இந்தத் தொழிலில் மூத்தவள், மறந்துவிட்டீர்கள்.

பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே. செவ்வாய்க்கிழமை பொது மருத்துவரிடம் போகிறேன், தனியாக இல்லை, உன் அண்ணனையும் கூட்டிக்கொண்டுதான். அவன் வாய் திறப்பதற்கு முன்னால் அடையாள அட்டையைக் காட்டி என் தாளை என் கையில் கேட்டு வாங்கிக்கொள்வேன், கேட்டால் கொடுக்கிறார்கள், விசாரித்துவிட்டேன். அதில் என்ன இருந்தாலும் நானே படித்து, என்ன வைத்தியம், எத்தனை வழி, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பதைக் கேட்பேன், கேட்டுத்தான் முடிவு செய்வேன். ஆகவே இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது விஷயம் எனக்குத் தெரிந்திருக்கும். உன்னிடம் நான் கேட்பது செய்தி இல்லை. ஆபரேஷன் படிவத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். நான் பேச முடியாமல் போனால் என் சார்பில் யாரைக் கேட்பது என்று ஒரு வரி. உன் அண்ணன் பக்கத்தில் இருக்கிறான், ஆனால் என்னிடம் கெட்ட செய்தி சொல்ல அவனுக்கு வாய் வராது, அவன் அப்பாவைப் போல இளகிய மனது. நீ என் மாதிரி. அந்த வரியில் உன் பேரை எழுத நினைக்கிறேன். எனக்காகப் பேசப் போகிறவள் முதலில் என்னிடம் பேசக் கூடியவளாக இருக்க வேண்டும், நீ விரும்புவதை அல்ல, நான் விரும்பியதைச் சொல்பவளாக இருக்க வேண்டும். உன் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டதை நீ என்னிடம் சொல்வாயா என்று தெரிந்தால்தான் என்னால் அந்த இடத்தை நிரப்ப முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பல் வலி என்றாயே, பிடுங்கச் சொன்னால் உடனே வாயைத் திறக்காதே, பிடுங்காமல் ஏதாவது வழி உண்டா என்று கேள், பதில் புரியவில்லை என்றால் புரியும் வரைக்கும் கேள், வெட்கப்படாதே, அவர்களுக்கு அது ஒரு பல், உனக்கு அது உன் பல். மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வராதே, அந்தக் கெட்ட பழக்கம் என்னோடு போகட்டும். நீ நீண்ட ஆயுளோடும், கலங்காத மனதோடும், உன்னை மதித்துப் பேசுகிற மனிதர்களுக்கு நடுவிலும் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். டிக் போட்டதற்கு மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

உன் மின்னஞ்சலுக்கு வந்த என் தாளில் என்ன இருந்தது என்று உன் கையால் எழுதி, தபாலில் அனுப்பு.

என்றும் அன்புள்ள,
அம்மா